இடக்கை தந்த வெற்றி



சென்ற ஆண்டு நம் பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தான். ஓட்டம் முடிந்த பின்னரே அவன் பாதத்தில் செம்பனை முள் ஏறிச் சீழ் கட்டியிருந்தது தெரிய வந்தது. இரண்டு நாளாக அதனை எவரிடமும் கூறாமல் மறைத்திருந்தான். "வீரன்!" என்று திடலே கைதட்டியது, நானும் தட்டினேன். அதன்பின் மூன்று வாரம் அவன் பள்ளிக்கு வர இயலவில்லை. அன்று நாம் கைதட்டியது முறைதானா என்னும் வினா என் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

காயத்தை வென்ற வீரர்களைப் போற்றுவது நம் கடமையே. ஆனால், அவர்களிடம் எதனைப் போற்றுகிறோம் என்பதை அறிந்து போற்ற வேண்டும்.

ஹங்கேரி நாட்டு இராணுவ வீரர் கரோலி டகாக்ஸ். கைத்துப்பாக்கி சுடுவதில் வல்லவர். அவர் அதிகாரிப் பதவியில் இல்லாத காரணத்தால், 1936ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. 1938இல் இராணுவப் பயிற்சியின்போது கையெறிகுண்டு ஒன்று அவர் கையிலேயே வெடித்தது. சுடும் வலக்கை சிதைந்து போயிற்று. ஏறத்தாழ ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்தார்.

புண் ஆறியபின் அவர் செய்தது என்ன? இடக்கையில் துப்பாக்கியை எடுத்தார். எவருக்கும் அறிவிக்காமல் நாள்தோறும் பழகினார். 1939இல் தம் நாட்டின் தேசியப் போட்டிக்கு வந்தபோது, ஆறுதல் பெற வந்தவர் என்றே தோழர்கள் எண்ணினர். அவரோ போட்டியிட்டு வென்றார்! ஆயினும், 1940, 1944 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகள் உலகப் போரினால் நடைபெறவில்லை. அவர் காத்திருந்தார். 1948இல் இலண்டனில், தம் 38ஆம் வயதில், 580 புள்ளிகள் எடுத்து உலகச் சாதனையுடன் தங்கப் பதக்கம் பெற்றார். 1952இல் ஹெல்சிங்கியில் மீண்டும் தங்கம் வென்றார்.

குண்டு வெடித்த நாளுக்கும் முதல் தங்கத்துக்கும் இடையே பத்து ஆண்டுகள்! அவர் புண்ணை மறைக்கவில்லை, ஆற்றினார். பின்னர் புதிதாகக் கற்றார். நாம் போற்ற வேண்டியது இந்தப் பொறுமையையே.

வேறொரு வீரரையும் எண்ணிப் பாருங்கள். 1976இல் மாண்ட்ரியலில் ஜப்பானியச் சீருடற்பயிற்சி வீரர் சுன் புஜிமோட்டோ, முழங்கால் எலும்பு முறிந்ததை மறைத்து, வளையப் பயிற்சியைச் செய்து முடித்து, உயரத்திலிருந்து தரையில் குதித்து நின்றார். அவர் அணி தங்கம் வென்றது. அந்த நெஞ்சுரத்துக்குத் தலை வணங்குகிறேன். எனினும், அவர் தேர்ந்த பெரியவர். தாமே முடிவு செய்தவர். பத்து வயதுப் பிள்ளைக்கு அதனை வழியாகக் காட்ட நான் உடன்படேன்.

பிள்ளைகள் வலியை மறைக்க எங்கே கற்றார்கள்? நம்மிடமே கற்றார்கள். காய்ச்சலோடு பால்மரம் சீவப் போன தாயையும், இடுப்பு வலியோடு செம்பனைக் குலை அறுக்கும் தந்தையையும் அவர்கள் கண்டு வளர்ந்தவர்கள். உழைத்தால்தான் அடுப்பு எரியும் என்னும் நிலை நம்மை அவ்வாறு நடக்கச் செய்தது. அது நம் தியாகம், அதில் ஐயமில்லை. ஆனால், வறுமை நமக்கு விதித்த சட்டத்தை வீரம் என்று பெயரிட்டு நம் பிள்ளைகளுக்கும் விதிக்கலாமா?

ஆகவே, இவ்வாண்டு முதல் போட்டிக்கு முன் ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவரின் கால்களையும் பார்ப்பார்கள். காயத்தை மறைக்காமல் சொல்லும் மாணவரை எவரும் கோழை எனக் கூறலாகாது. பெற்றோர்களும் இரவில் ஒரு முறை, "எங்கேயாவது வலிக்கிறதா?" என்று பிள்ளையைக் கேளுங்கள்.

மாணவர்களே! ஒரு பாடத்தில் தோற்றாலும், ஓர் ஓட்டத்தில் விழுந்தாலும் மனம் தளராதீர். வலக்கை போனால் இடக்கை உண்டு. ஆனால் முதலில் புண் ஆறட்டும். பின்னர் பயிற்சியைத் தொடங்குங்கள். வெற்றி உங்களுக்காகக் காத்திருக்கும் என்பது திண்ணம்.