பொம்மைக்கும் நிறபேதமா?

கம்ப்யூட்டருக்குள் கட்டிய கற்பனை உலகத்தில் பிறவியில்லை, இரத்தமில்லை. ஆதலால் அங்கு உயர்வு தாழ்வுக்கு இடமில்லை என்று சிலர் பெருமை பேசுகிறார்கள். நடப்போ வேறு. அமெரிக்க நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையார் இருவர் ‘தேர்.காம்’ என்னும் அவ்வித உலகில் நடத்திய பரீட்சையை 2008-ல் வெளியிட்டார்கள். பெரிய உதவியைக் கேட்டு, மறுத்தபின் சிறியதைக் கேட்டால் இணங்குவோர் கூடுவது வழக்கம். வெள்ளைநிறப் பொம்மை கேட்டபோது கூடியது சுமார் 20 சதவிகிதம். கருநிறப் பொம்மை கேட்டபோதோ 8 தான்! ‘ஹேலோ 3’ விளையாட்டில் பெண் குரலுக்கு, ஆண் குரலைவிடப் பாதகமான பேச்சு மும்மடங்கு வந்ததென 2012-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி கூறுகிறது.

சாயம் பூசிய பொம்மைக்கு எந்த ஆண்டவன் தாழ்வை விதித்தான் என்று நாம் கேட்கிறோம். தாழ்வு தோலிலில்லை, பார்ப்பவன் புத்தியிலிருக்கிறது. அதைத் திருத்தாமல் எத்தனை புது உலகம் கட்டினாலும் பழைய இழிவே முதலில் குடியேறும்.