டோல் இல்லாத வண்டிக்கு ரோடும் இல்லையா?

பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் பைக்கை எடுத்துக்கொண்டு சேலம் போகக் கிளம்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன்னால் நாலு பேரிடம் வழி கேட்பான். நாலு பேரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

"இதுக்கெதுக்கு தம்பி ரோசனை? பைக்குக்குத்தான் டோல் இல்லையே! ஈச்சனாரி போயி பைபாஸ் ஏறுனா நேரா நீலாம்பூரு. அப்புறம் அவினாசி, பெருந்துறை, சங்ககிரின்னு ஒரே முறுக்கு..."

அவ்வளவுதான் திட்டம். கோவை டிராஃபிக்கும் இல்லை, காசும் இல்லை. இதை விட்டால் வேறென்ன வேண்டும்?

உயிர் வேண்டும். அதைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

முதலில் அந்த "டோல் இல்லை" சங்கதி. உண்மைதான். தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள், 2008-ன்படி இருசக்கர வண்டிக்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது. கணியூர், விஜயமங்கலம், வைகுந்தம் என்று வழியில் வருகிற மூன்று சாவடியிலும் இடது ஓரத்துச் சந்தில் புகுந்து போய்விடலாம். 2025 ஜூனில் 'ஜூலை 15 முதல் பைக்குக்கும் டோல்' என்று ஒரு புரளி கிளம்பி நாடு முழுக்கச் சுற்றியது. அமைச்சர் நிதின் கட்கரியே அது பொய் என்று மறுத்தார். ஊரே நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

ஆனால் பைக்காரன் ஓசியில் போகிறானா என்ன? வண்டி வாங்கும்போதே ஆயுள் வரி கட்டிவிட்டுத்தான் ரோட்டுக்கு வருகிறான். 2018 பட்ஜெட்டில் பெட்ரோல் மீது சாலை, உள்கட்டமைப்பு செஸ் என்று ஒன்றைப் போட்டார்களே, அதை பங்க்கில் நிற்கிற ஒவ்வொரு பைக்காரனும்தான் கட்டினான். ஆக ரோட்டுக்குக் காசு கொடுத்தவன்தான் அவனும். அவனுக்கு அந்த ரோட்டில் என்ன இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்? வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, மணலும் கண்ணாடித் தூளும் கிடக்கிற அந்த ரெண்டடி ஓரம்!

இப்போது பைபாஸுக்கு வருவோம். நீலாம்பூரிலிருந்து மதுக்கரை வரை சுமார் 28 கிலோமீட்டர். ஊர் அதை 'எல் அண்ட் டி பைபாஸ்' என்றே கூப்பிடுகிறது. கட்டும்போதே இருவழிச் சாலையாகத்தான் கட்டினார்கள். நடுவில் தடுப்புச் சுவர் கிடையாது. பிறகு செங்கப்பள்ளியிலிருந்து நீலாம்பூர் வரை சாலை ஆறு வழியானது. மதுக்கரைக்கு அந்தப் பக்கம் வாளையாறு வரை நாலு வழியானது. நடுவில் இருக்கிற இந்தத் துண்டு மட்டும் இருவழியாகவே நின்றுபோனது. சேலத்திலிருந்து ஆறு வழியில் பறந்து வந்த கண்டெய்னர் லாரி, கொச்சிக்குப் போகிற அவசரத்தில் இந்தக் குழாய்க்குள் நுழைகிறது. எதிரே இன்னொரு லாரி, அதை முந்துகிற ஒரு கார். இவை மூன்றுக்கும் நடுவில் ஒரு பைக். காருக்கு இடிபாடு என்றால் பம்பர் போகும். பைக்குக்கு?

சிந்தாமணிப்புதூரில் திருச்சி ரோடு குறுக்கே வருகிறது, ஈச்சனாரி அருகே பொள்ளாச்சி ரோடு குறுக்கே வருகிறது. நடுவே ஊர்ச் சாலைகள் வேறு. இது ஊரைச் சுற்றிப் போகிற சாலையாக இருந்தது அந்தக் காலம். ஊர் வளர்ந்து அதையும் தாண்டிப் போய்விட்டது.

பயமுறுத்துவதற்காகச் சொல்வதில்லை இது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அதில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அதே ஆண்டில் விபத்து எண்ணிக்கையில் முதலிடம் எந்த மாநிலத்துக்கு? தமிழ்நாட்டுக்குத்தான்.

"சரி, பைபாஸ் வேண்டாம், ஊருக்குள்ளேயே மேம்பாலத்தில் ஏறிப் போகலாமே" என்பார் இன்னொருவர். திருச்சி ரோட்டில் ராமநாதபுரம்–சுங்கம் மேம்பாலத்தை 2022 ஜூனில் திறந்தார்கள். திறந்த கொஞ்ச நாளுக்குள்ளேயே, வளைவில் பைக்கில் வந்தவர்கள் தடுப்பில் மோதி மேலேயிருந்து கீழே விழுந்து செத்தார்கள். ஒருவர் இல்லை, அடுத்தடுத்து! அதற்கப்புறம்தான் வேகத்தடையும் எச்சரிக்கைப் பலகையும் நினைவுக்கு வந்தன. அந்த இடத்தின் பெயரே சுங்கம். காசாக வாங்காததை அங்கே உயிராக வாங்கிக்கொண்டார்கள்.

அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. செலவு 1,791 கோடி. நல்லது. ஆனால் அதுவும் கடைசியில் கொண்டுபோய் இறக்கிவிடுவது அதே நெடுஞ்சாலைப் பக்கம்தான்.

அப்படியென்றால் பொள்ளாச்சிப் பையன் எப்படித்தான் போவது?

கோவையைத் தொடவே வேண்டாம். பொள்ளாச்சி, நெகமம், காமநாயக்கன்பாளையம், பல்லடம். அங்கிருந்து காங்கேயம், சென்னிமலை, ஈரோடு. காவிரியைத் தாண்டிப் பள்ளிபாளையம், சங்ககிரி, சேலம். தூரமும் கூடாது. திருப்பூருக்குள்ளும் நுழைய வேண்டியதில்லை. சங்ககிரிக்கு அப்புறம் நெடுஞ்சாலையைத் தவிர்ப்பது கஷ்டம். ஆனால் மொத்தப் பயணமும் அதில் என்பதற்கும், கடைசிக் கொஞ்சத் தூரம் மட்டும் அதில் என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்காரர் என்றால் அன்னூர், அவினாசி. மைசூர் போகிறவர் என்றால் சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம். ஆனால் 2022 பிப்ரவரியிலிருந்து அந்த மலைப்பாதையில் இரவுத் தடை உண்டு. பொழுது சாய்ந்தபிறகு அந்த வழியை நம்பிப் போகக்கூடாது.

கைபேசி வரைபடத்தில் 'டோலைத் தவிர்' என்கிற கட்டத்தை டிக் செய்துவிட்டு வழி தேடுகிறவர்கள் நிறைய. பைக்குக்கு அது வெட்டி வேலை. கட்டாத காசுக்குப் பயந்து ஓடுவது அது. 2017 டிசம்பரிலேயே கூகுள் மேப்ஸ் இந்தியாவுக்கு இருசக்கர வண்டி வழியைத் தனியாகக் கொண்டுவந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு 'நெடுஞ்சாலையைத் தவிர்' என்று போட்டுப் பார்த்தால்தான் விஷயமே தெரியும்.

ஆனால் கொங்கு நாட்டு ரோட்டைப் பற்றி எந்த வரைபடமும் சொல்லாதவை சில உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் பைக்கைப் பக்கவாட்டில் தள்ளும். காற்றாலை ஏன் அங்கே நிற்கிறது என்று அப்போது புரியும்! தைப்பூச வாரத்தில் பழனி போகிற ரோடெல்லாம் காவடியோடு நடக்கிற சனம். இரவில் அந்தப் பக்கம் முறுக்குவது பாவம். செவ்வாய்க்கிழமை பொள்ளாச்சியில் மாட்டுச் சந்தை. காலையில் கறிக்கோழி வண்டி, சாயங்காலம் மில் ஷிப்ட் விடுகிற நேரம். இதையெல்லாம் டீக்கடையில்தான் கேட்க வேண்டும்.

உள்ரோட்டில் மட்டும் ஆபத்தில்லையா? உண்டு. பெயின்ட் அடிக்காத வேகத்தடை, குறுக்கே பாயும் நாய், ஜல்லி சிந்திக்கொண்டே போகிற டிப்பர் லாரி. ஆனால் ஐம்பதில் போகிறபோது செய்கிற தப்புக்குக் கை கால் முறியும். லாரிக்கு நடுவே தொண்ணூறில் செய்கிற தப்பை, செய்தவன் வந்து சொல்வதில்லை.

இத்தனையும் பைக்காரன் தலையிலேயே ஏற்றிவிட்டால் அரசுக்கு என்ன வேலை? பெங்களூர்–மைசூர் விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக் போகக்கூடாது என்று தடை போட்டார்கள். தடை போடுவது சுலபம். மலேசியாவில் ஃபெடரல் நெடுஞ்சாலையோரம் 1970-களிலேயே மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டார்கள். அங்கே போய் வேலை பார்க்கிற நம்மூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அங்கேயும் நெடுஞ்சாலையில் பைக்குக்கு டோல் கிடையாது, ஆனால் பாதை உண்டு!

கோவைக்கு மேற்கே மதுக்கரை மைல்கல்லிலிருந்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரை 32 கிலோமீட்டருக்கு மேற்குப் புறவழிச்சாலைத் திட்டம் மூன்று கட்டமாக நடக்கிறது. அதிலாவது பைக்குக்கு ஒரு தனி ஓரம் விடுங்கள். நீலாம்பூரில் சாலை குறுகுகிற இடத்தில் வெளிச்சமும் தடுப்பும் வையுங்கள். சர்வீஸ் ரோட்டைப் பாதியில் அறுத்துவிடாமல் தொடர்ந்து போடுங்கள். ஒவ்வொரு ஊரிலும் பாதி ரோட்டை நிறைத்துக்கொண்டு நிற்பவன் பைக்காரன். அவனுக்கென்று ரெண்டு மீட்டர் கேட்பது பேராசையா?

அதுவரைக்கும் பொள்ளாச்சிப் பையன் பல்லடம் வழியே போகட்டும். அரை மணி நேரம் தாமதமாகப் போனால் என்ன? சென்னிமலைக்குக் கீழே ஒரு டீ குடித்துவிட்டுப் போனால், வீட்டில் சோறு ஆறாமல் காத்திருக்கும்.