சுமையும் சுற்றமும்

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திற்கும் திங்கட்கிழமை சந்தைக்கும் ஒரே வண்டியிற் செல்லுதல் கூடுமா? இவ்வினாவை எழுப்பியவர் ஓர் உழவரின் மனைவியார் என்று ஆஸ்திரேலிய மக்கள் கூறுவர். உலகெங்கும் வாணிபம் சரிந்து கிடந்த 1930-களின் தொடக்கத்தில், விக்டோரியா மாநிலத்துக் கிப்ஸ்லாந்துப் பகுதியினின்றும் அவ்வம்மையார் ஃபோர்டு கம்பெனிக்கு ஒரு கடிதம் விடுத்தாராம். மழையில் நனையாது ஆலயம் செல்லவும், மறுநாட் காலையில் பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் ஏற்ற வண்டி ஒன்று செய்து தரலாகாதா என்பது அதன் சாரம். உழவர்க்குக் கடன் ஈந்த வங்கிகள் அந்நாளில் சுமைவண்டி வாங்கப் பணம் கொடுத்தனவேயன்றிக் குடும்பம் செல்லும் கார் வாங்கக் கொடுக்கவில்லை என்பர். லாரி தொழிற்பொருள்; கார் இன்பப்பொருள். அந்தக் கணக்கில் மனைவி மக்களுக்கு இடமில்லை.

கடிதத்தின் கருத்தைக் கைக்கொண்டு வண்டி வரைந்தவர், ஜீலாங் நகரத்து ஃபோர்டு தொழிற்சாலையில் ஊழியம் புரிந்த லூயிஸ் பாண்ட் என்பவர். 1910-ஆம் ஆண்டில் பிறந்த அவருக்கு அப்பொழுது வயது இருபத்துமூன்றைத் தாண்டவில்லை. எம்மினும் சில ஆண்டுகளே மூத்த ஒருவர் இதனைச் செய்தார் என எண்ணுங்கால் எமக்குச் சிறிது நாணம் உண்டாகின்றது. பின்புறம் தொட்டி வைத்த வண்டிகள் அவர்க்கு முன்னும் இருந்தன. ஆயின் அவற்றின் கூரை துணியாலானது, மழையும் குளிரும் உள்ளே வரும். பாண்ட் என்பார் மூடிய கார் அறையையும் சுமைத் தொட்டியையும் ஒரே உடலாக இணைத்தார். 1,200 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 545 கிலோ சுமை தாங்கும் அவ்வண்டி 1934-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 'யூட்' என்று அந்நாட்டார் அதனை இன்றும் செல்லமாக அழைக்கின்றனர். தாம் ஈன்ற வண்டியைப் பாண்ட் கடைசிவரை மறந்தாரில்லை. தாம் புதுப்பித்து வைத்திருந்த பழைய யூட் ஒன்றை ஓட்டிச் செல்கையிலேயே 1987-ஆம் ஆண்டு விபத்தில் உயிர் துறந்தார்.

எனினும் அவ்வண்டியில் ஒரே இருக்கைதான் உண்டு. கணவரும் மனைவியும் அமர்ந்தால், பிள்ளைகள் எங்கே அமர்வது? கடிதம் கேட்ட வினாவிற்குப் பாதி விடையே கிடைத்தது. மீதிப் பாதிக்கு உலகம் கண்ட விடை, இரண்டு வரிசை இருக்கையும் நான்கு கதவும் உடைய பிக்கப் வண்டி. 'டபுள் கேப்' என்றால் யாவரும் அறிவர். டொயோட்டா கம்பெனியின் ஹைலக்ஸ் 1968-ஆம் ஆண்டில் தோன்றியது. 1979-ஆம் ஆண்டளவில் அது நான்கு சக்கரங்களும் உந்தும் ஆற்றலும் பெற்றது. உழவரும், கட்டடத் தொழிலாளரும், சுரங்கத்தாரும் அதனை ஏற்றனர். ஆஸ்திரேலியாவில் 2016 முதல் 2022 வரை ஆண்டுதோறும் மிகுதியாக விற்ற வண்டி எது என்று வினவின், அது காரன்று, ஹைலக்ஸே. நம் நாட்டில், ஆந்திர மாநிலத்து ஸ்ரீ சிட்டியில் 2016-ஆம் ஆண்டு தொழிற்சாலை திறந்த இசுசு கம்பெனி தன் வி-கிராஸ் வண்டியை அவ்வாண்டிலேயே விற்கத் தொடங்கிற்று. ஹைலக்ஸ் 2022-இல் வந்தது. வந்த நாளில் அதன் தொடக்க விலை 33 இலட்சத்து 99 ஆயிரம் ரூபாய்.

இந்த விலையைக் கண்ட இடத்தில்தான் எம் மனம் தடைப்படுகின்றது. கிப்ஸ்லாந்து அம்மையார் வேண்டியது பிரபுக்களின் வண்டியையா?

எம் தாய்மாமா மேற்பழனி மலையில் உருளைக்கிழங்கும் பூண்டும் பயிரிடுபவர். அவரிடம் உள்ளது ஓட்டுபவருக்கும் உடன் ஒருவருக்கும் மட்டுமே இடமுள்ள சிறு சுமைவண்டி. வாரத்தில் ஆறு நாள் அதில் மூட்டைகள் செல்லும். ஏழாம் நாள் குடும்பம் செல்லும். அத்தையார் முன்னே கைக்குழந்தையுடன் அமர, ஏனையோர் பின்புறத் தொட்டியில் தார்ப்பாய் விரித்து அமர்வர். விடுமுறைக்குச் சென்ற யாமும் பலமுறை அவ்வாறு சென்றுள்ளோம். உண்மை கூறின், காற்று முகத்தில் அறைய மலையைப் பார்த்துச் செல்லும் அப்பயணம் எமக்குப் பேரின்பமாகவே இருந்தது. சென்ற டிசம்பரில், கிறிஸ்துமஸ் இரவு ஆராதனை முடிந்து மழையில் திரும்புகையில், கொண்டை ஊசி வளைவொன்றில் வண்டி சறுக்கிக் குலுங்கிற்று. எம் மைத்துனனின் முகவாய் தொட்டியின் விளிம்பில் மோதிப் பிளந்தது. ஆறு தையல். வேறொன்றும் நேரவில்லை. வேறொன்று நேர்ந்திருக்கக்கூடும் என்பதை அவ்விரவில் ஒருவரும் வாய்விட்டுக் கூறவில்லை.

சரக்கு வண்டியின் தொட்டியில் ஆட்களை ஏற்றுதல் சட்டத்திற்கு மாறானது. ஆயினும் திருமணத்திற்கும், திருவிழாவிற்கும், களையெடுப்பிற்கும் ஏற்றாத ஊர் எது? இதன் மறுபக்கத்தை அறிந்தோர் சிலரே. சரக்கு வண்டியிற் கட்டணமின்றி ஏறிச் செல்வோர்க்கு நேரும் தீங்கிற்கு வண்டியின் காப்பீட்டுக் கம்பெனி கடமைப்பட்டதன்று என உச்சநீதிமன்றம் 2002-ஆம் ஆண்டிலேயே தீர்ப்புக் கூறிவிட்டது.  மூட்டைமேல் அமர்ந்த பிள்ளைக்குக் காப்பீடு இல்லை. ஆதலின் இரண்டாவது வரிசை இருக்கையை ஆடம்பரம் என்று கூறுவாரோடு யாம் உடன்படோம். தொழிலுக்கும் இல்லத்திற்கும் ஒரே வண்டியை நம்பியிருக்கும் எளிய குடும்பத்திற்கு, கதவும் கூரையும் இடுப்புப் பட்டையும் உள்ள அவ்விருக்கையே முதலாவது தேவை.

தேவை எதுவாயினும் விலையின்றி வாராது. யாம் குறிப்பது பணத்தை மட்டுமன்று. ஒற்றை அறை வண்டியில் இரண்டு மீட்டருக்கு மேல் நீளும் தொட்டி, இரட்டை அறை வண்டியில் ஒன்றரை மீட்டர் அளவாகச் சுருங்குகின்றது. சுமையும் பின்னச்சின்மேலும் அதற்கப்பாலும் சென்று விழுகின்றது. மிகுதியாக ஏற்றினால் முன்சக்கரங்கள் இலேசாகி, ஏற்றத்தில் வண்டி கைத்திருப்பத்திற்கு அடங்காது. பின்புறத்தைத் தாங்கும் வில்லோ மற்றொரு வழக்கு. இரும்புப் பட்டைகளை அடுக்கிய வில் பாரத்தைத் தாங்கும். பாரமில்லாத நாளில் பின்னிருக்கையில் உள்ள பாட்டியைத் தூக்கித் தூக்கிப் போடும். நிசான் கம்பெனி தன் நவாரா வண்டிக்குச் சுருள்வில் வைத்துப் பாட்டியை மகிழ்வித்தது. சுமையேற்றினால் பின்புறம் தாழ்கின்றது என்று உழைப்பாளர் முறையிட, ஆஸ்திரேலியாவில் அதனைத் திருத்த நேர்ந்தது. இருவரையும் ஒருங்கே மகிழ்விக்கும் வில்லை எவரும் இன்னும் எளிய விலையிற் செய்திலர்.

இனி, நான்கு சக்கர இயக்கம். இதனை விளம்பரத்திற் கண்டு மயங்குவோர் பலர். அதன் இயல்பை அறிந்து வாங்குவோர் சிலர். இத்தகைய வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் வழக்கமாகப் பின்சக்கரங்களே உந்தும். வேண்டும்பொழுது முன்சக்கரங்களையும் இணைத்துக்கொள்ளலாம். வளைவில் திரும்புங்கால் முன்சக்கரங்கள் செல்லும் வட்டம் பெரிது, பின்சக்கரங்கள் செல்லும் வட்டம் சிறிது. இணைத்த நிலையில் இரண்டு அச்சும் ஒரே கதியிற் சுழல வேண்டுமாகையால், எங்கேனும் ஒரு சக்கரம் சிறிது வழுக்கியே தீரும். சேற்றில் அது எளிதில் வழுக்கிவிடும். உலர்ந்த தார்ச் சாலையில் வழுக்க இடமின்றி, அம்முறுக்கமெல்லாம் பற்சக்கரங்களில் ஏறி அவற்றைத் தின்னும். பெருமைக்காக நகர வீதியில் நான்கு சக்கரத்தையும் இணைத்து ஓட்டுவார், தம் பணத்தைத் தாமே அரைப்பவராவார்.

ஆயினும் தோட்டத்திலிருந்து சாலைவரை களிமண் சரிவு உள்ளவனுக்கு அதன் அருமை தெரியும். அவ்விடத்தில் உதவுவது வேகமன்று, தாழ்நிலைக் கியர். சக்கரத்தின் கதியை ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைத்து, அதே அளவிற்கு உந்துவலியை மிகுவிக்கும் அப்பற்சக்கரத் தொகுதி, ஏற்றத்தில் இழுப்பது போலவே இறக்கத்திலும் எஞ்சினைக் கொண்டே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கு காய்ந்து கைவிடும் அச்சம் குறையும். எம் மாமாவின் தோட்டத்துச் சரிவு இரண்டு பர்லாங்கு. மழைக்காலத்தில் அவ்விரண்டு பர்லாங்கிற்கு ஆள்வைத்துத் தலைச்சுமையாகப் பூண்டு மூட்டைகளை ஏற்றுகின்றார். அவருக்கு நான்கு சக்கர இயக்கம் வேண்டும். மதுரை நகரில் அலுவலகம் செல்லும் எம் உறவினர் ஒருவருக்கும் அது உண்டு. அவர் வண்டியின் தொட்டியில் இதுகாறும் ஏறிய பெருஞ்சுமை ஒரு துணி துவைக்கும் இயந்திரமே.

இவ்வுறவினர்தாம் மாமாவிடம் கடன் வாங்கியாயினும் ஹைலக்ஸ் வாங்குமாறு வற்புறுத்தினார். வாங்கினால் ஊரில் மதிப்பு உயருமாம். யாம் வயதிற் சிறியோமாயினும் மறுத்துரைத்தோம். அவ்வண்டி வலியது, நெடுநாள் உழைப்பது, அதில் ஐயமில்லை. ஆனால் அத்துணை விலையுள்ள வண்டியில் மண் ஒட்டிய கிழங்கு மூட்டையைப் போட மாமாவிற்குக் கை வருமா? தொட்டியில் கீறல் விழுமே என்று அஞ்சி, பழைய வண்டியையே சுமைக்கு வைத்துக்கொள்வார். பின் ஒரு வண்டி வேலைக்கு, ஒரு வண்டி வீட்டிற்கு என்றாகும். கடனோ இரண்டு வண்டிக்குரியது. ஆஸ்திரேலியாவிலும் இதுவே நிகழ்ந்துள்ளது. வேலைக்குரிய வண்டி என்னும் பெயரால் வரிச்சலுகை பெற்ற டபுள் கேப்புகள் பல, பள்ளி வாயிலில் பிள்ளைகளை இறக்குவதன்றி வேறு வேலை அறியா.

மகிந்திரா கம்பெனியின் பொலேரோ கேம்பர் என்றொரு வண்டி உண்டு. ஐவர் அமரலாம், ஏறக்குறைய ஆயிரம் கிலோ ஏற்றலாம், நான்கு சக்கர இயக்கத்துடனும் கிடைக்கும். விலை ஹைலக்ஸின் மூன்றிலொரு பங்கை ஒட்டியது. மின்வாரிய வேலைக்கும் எஸ்டேட்டு வேலைக்கும் செல்லும் அதன் முகத்தில் அழகில்லை, இருக்கையில் மென்மையில்லை. கீறல் விழுந்தாலும் எவரும் வருந்தார். எம் கருத்தில் கிப்ஸ்லாந்துக் கடிதத்திற்கு நம் நாட்டில் கிடைத்த மிக நெருங்கிய விடை இதுவே. இவ்விலையில் இன்னும் சிறிது பாதுகாப்பும் நீண்ட தொட்டியும் தந்து இத்தகைய வண்டிகளைக் கம்பெனிகள் செய்தால் நன்று.

ஈஸ்டர் விடுமுறையில், திண்டுக்கல்லில் விற்பனைக்கு நின்ற பழைய கேம்பர் ஒன்றைக் காண மாமாவுடன் யாமும் சென்றோம். விற்பவர் எஞ்சினின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா அதனைச் செவியுறாது, தொட்டியின் நீளத்தைச் சாண் வைத்து அளந்து, எத்தனை மூட்டை என்று மெல்ல எண்ணினார். அத்தையார் பின்னிருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தி, தையற் குறி மாறாத மகனையும் அருகில் அமர்த்திக்கொண்டு, முழங்கால் முன்னிருக்கையில் இடிக்கின்றதா என்று பார்த்தார். "கொஞ்சம் இடிக்கின்றது," என்றார்; ஆனால் இறங்கவில்லை.