விலக்கு பயணத்துக்கு, எடைக்கு அல்ல

கோடை விடுமுறைக்கு மோட்டார்ஹோம் எடுத்துக்கொண்டு கிளம்பும் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்காகச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்தது. நெடுஞ்சாலை எடை நிலையங்களைப் பற்றி அது சொல்வது இவ்வளவுதான்: எந்த மாநிலத்திலும் எந்த ஆர்.வி.யும் (விடுமுறைப் பயண வண்டி) அங்கே நிற்க வேண்டியதில்லை. அந்த நிலையங்கள் லாரிக்காரர்களிடம் அபராதம் பிடுங்கவே இருக்கின்றன. ஆகவே வண்டி எடையைப் பற்றி நாம் கவலைப்படத் தேவையில்லை. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது அபாண்டம். மூன்றாவது ஆளைக் கொல்லக்கூடியது.

பாதி உண்மை எது என்பதைப் பார்ப்போம். அமெரிக்க மத்திய விதிகளில் வணிக வாகனம் என்ற சொல்லுக்கு இரண்டு நிபந்தனைகள் சேர வேண்டும். வண்டியின் அனுமதி எடை, அதாவது சுமையோடு சேர்த்து அது இருக்கக்கூடிய உச்ச எடை, 10,001 பவுண்டோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அது வணிகத்துக்காக ஓட வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும் மோட்டார்ஹோம்களில் பல, ஃபோர்டு ஈ-450 சட்டகத்தின் மேல் கட்டப்பட்டவை. அந்தச் சட்டகத்தின் அனுமதி எடை 14,500 பவுண்டு. முதல் நிபந்தனையை அது எப்போதோ தாண்டிவிட்டது. பிள்ளைகளோடு யெல்லோஸ்டோன் பார்க்கப் போகிறவர் வியாபாரம் செய்யவில்லை என்பதால்தான் பெரும்பாலான மாநிலங்கள் அவரை எடை நிலையத்துக்குள் கூப்பிடுவதில்லை. அதே வண்டியில் ஒருவர் திருவிழாவில் விற்பதற்குத் துணிமணிகளை ஏற்றிச் சென்றால் கதை மாறிவிடும். வண்டி அதே வண்டிதான், எடையும் அதே எடைதான். இந்த விலக்கு பயணத்தின் நோக்கத்துக்குத் தரப்பட்டது. கட்டுரையாளர் இதை எடைக்குத் தரப்பட்ட விலக்காக வாசித்துவிட்டார். அவருடைய மற்றத் தவறுகள் எல்லாம் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

“எந்த மாநிலத்திலும்” என்று எழுத அவருக்கு எப்படித் துணிச்சல் வந்தது? எடை நிலையங்களை நடத்துவது மாநிலங்கள். யார் நிற்க வேண்டும் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறது. நிற்க வேண்டியவர்கள் யார் என்று சாலையோரப் பலகையே சொல்லும். அதைப் படிக்கச் சொல்லியிருந்தாலே போதும். பொது விலக்கு இருக்கும் இடத்திலும் காவலரின் அதிகாரம் போய்விடுவதில்லை. வண்டியின் எடை சட்டத்தை மீறியிருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் அதை நிறுத்திச் சோதிக்க, கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 2802ஆம் பிரிவு காவலருக்கு இடம் தருகிறது. மாநிலத்துக்கு மாநிலம் எவ்வளவு மாறும் என்பதற்கு லைசென்ஸையே பார்க்கலாம். டெக்சாஸில் 26,000 பவுண்டுக்கு மேற்பட்ட மோட்டார்ஹோமைச் சொந்த உபயோகத்துக்கு ஓட்டினாலும் பி வகுப்பு லைசென்ஸ் வேண்டும். கலிஃபோர்னியாவில் 40 அடியைத் தாண்டினால் வேண்டும்.

இன்னொன்று. கலிஃபோர்னியா எல்லையில் இருக்கும் விவசாயச் சோதனைச் சாவடிகளில் சாதாரணக் காரும் நிற்க வேண்டும். பழ ஈயும் எலுமிச்சை வகைகளின் நோய்களும் தோட்டங்களுக்குள் நுழையாமல் தடுக்க அவை இருக்கின்றன. எடை நிலையத்தில் நிற்க வேண்டாம் என்ற அறிவுரையை எல்லா நிலையங்களுக்கும் பொருத்திக்கொண்டு நேரே போகும் குடும்பம் அங்கே மாட்டிக்கொள்ளும்.

அபராதத்துக்காகத்தான் எடை நிலையம் என்பது உழைப்பவர்களை இழிவுபடுத்தும் பேச்சு. 1958 முதல் 1960 வரை இல்லினாயின் ஒட்டாவா நகருக்கு அருகே இதற்கென்றே சாலைகள் போட்டு, ராணுவ வீரர்கள் லாரிகளை ஓயாமல் ஓட்டிச் சோதித்தார்கள். அச்சின் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் சுமார் பதினாறு மடங்காகிறது என்பது அந்தச் சோதனையிலிருந்து கிடைத்த பாடம். இன்டர்ஸ்டேட் சாலைகளில் ஒற்றை அச்சுக்கு 20,000 பவுண்டு, இரட்டை அச்சுக்கு 34,000, மொத்தம் 80,000 என்று வரம்பு இருப்பது சாலைகளையும் பாலங்களையும் காப்பாற்றத்தான். பிரேக் தேய்ந்த லாரியை மேலே போக விடாமல் நிறுத்திப்போடுவதும் அதே நிலையம்தான். மலை இறக்கத்தில் அந்த லாரிக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பது நம் குடும்பமாகவும் இருக்கலாம்.

என்னை இதை எழுத வைத்தது மூன்றாவது வாதம். லாரி ஓட்டுநர் மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும், தனி லைசென்ஸ் வாங்க வேண்டும், எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று கணக்குக் காட்ட வேண்டும், வழியெல்லாம் எடைக்கு நிற்க வேண்டும். விடுமுறைக்கு மோட்டார்ஹோம் ஓட்டுபவரைப் பெரும்பாலும் யாரும் எதுவும் கேட்பதில்லை. யாரும் கேட்காததால்தான் அவரே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கட்டுரையாளரோ கேட்காதே என்கிறார்.

வண்டிக்குள் ஒட்டியிருக்கும் வில்லையில், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கும். அது 1,500 என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 150 பவுண்டு வீதம் ஆறு பேர் ஏறினால் 900. தண்ணீர் கேலனுக்கு 8.34 பவுண்டு, 50 கேலன் டேங்கை நிரப்பினால் 417. மிச்சம் 183 பவுண்டு. அரிசி, குக்கர், ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலி, பெட்டி படுக்கை, பின்னால் மாட்டிய சைக்கிள்கள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அடங்காது. குளித்த தண்ணீரும் உடனே எங்கும் போய்விடுவதில்லை. கழிவு டேங்குக்கு இடம் மாறி, கொட்டும் வரை கூடவே வருகிறது.

சுமை மிஞ்சிய டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் மடங்கி மடங்கிச் சூடேறும். ஜூலை மாதத்து நெவாடா தார்ச்சாலையில் மணிக்கணக்காக ஓடினால் அது வெடிக்கும். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையை மீறி இழுத்துக்கொண்டு போகும். இழுத்துச் செல்லும் ட்ரெய்லர் என்றால் அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். குறைந்தால் ட்ரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கி, இழுக்கும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்க்கும். எடை நிலையத்தில் நிற்க வேண்டியதில்லை என்ற சட்டம் இதில் எதையும் தடுக்காது.

எடை பார்ப்பது கஷ்டமும் இல்லை. லாரிகள் தங்கும் பெரிய எரிபொருள் நிலையங்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடைகள் இருக்கின்றன. எல்லாம் ஏற்றி, எல்லாரும் உட்கார்ந்த பிறகு அதன் மேல் வண்டியை நிறுத்தினால், முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் அச்சு என்று தனித்தனியாக எடை எழுதிய சீட்டு கைக்கு வரும். செலவு ஒருவரின் சாப்பாட்டுச் செலவுதான். சமையல் மேடையும் ஃபிரிட்ஜும் ஒரே பக்கத்தில் இருக்கும் வண்டி என்றால் ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாக எடை போடுவது இன்னும் நல்லது. அச்சின் மொத்தக் கணக்கு சரியாக இருக்கும்போதே ஒரு பக்கத்து டயர் மட்டும் வரம்பை மீறியிருக்கலாம்.

இவ்வளவையும் மறைத்து, கவலைப்படாதீர்கள் என்ற ஒரே வரியோடு கட்டுரையை முடித்திருக்கிறார். பள்ளிகள் மூடப்போகின்றன, முன்பதிவுகள் முடிந்துவிட்டன, அவர் சொன்னதை நம்பியவர்கள் டேங்கை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வரி தவறு என்று அவர் தம் பெயரிலேயே, அடுத்த இதழிலேயே, அதே அளவு எழுத்தில் எழுத வேண்டும். வில்லையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்பச் சொல்ல வேண்டும்.