ஊசியில் உண்மை இல்லை

கர்நாடக எல்லைப் பக்கமுள்ள நம் சானமாவு காட்டோரம் ஒரு பிணம் கிடந்தாலும், சிப்காட் கம்பெனியில் செம்புக் கம்பி காணாமல் போனாலும் டீக்கடைத் தீர்ப்பு ஒன்றுதான்: "பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு ஊசி போட்டா எல்லாத்தையும் கக்கிடுவான்." படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். இந்த நம்பிக்கையைப் போல ஏழைக்கு ஆபத்தானது வேறில்லை.

அந்த ஊசி எங்கிருந்து வந்தது? 1916இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ராபர்ட் ஹவுஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவ வலி தெரியாமலிருக்க ஒரு பெண்ணுக்கு ஸ்கோபோலமைன் கொடுத்திருந்தார். குழந்தையை எடைபோடத் தராசு கேட்டார். கணவர் தேடிப் பார்த்துவிட்டுக் கிடைக்கவில்லை என்றார். அரைமயக்கத்தில் கிடந்த தாய் அது இருக்குமிடத்தைச் சரியாகச் சொன்னார். இந்த மருந்து ஏறியவரால் பொய் சொல்லவே முடியாது என்று ஹவுஸ் முடிவுகட்டினார். 1922இல் டல்லாஸ் சிறையில் இரண்டு கைதிகளுக்குப் போட்டும் பார்த்தார். 'உண்மை மருந்து' என்ற பெயர் பரவியது.

தராசை மறைக்க அந்தத் தாய்க்கு என்ன தேவை இருந்தது? கேட்டதற்குப் பதில் சொல்வது வேறு, மறைக்க நினைத்ததைச் சொல்வது வேறு. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் நூறாண்டு ஓடிவிட்டது.

ஸ்கோபோலமைன் நமக்கு அந்நியமில்லை. ரோட்டோரத்து ஊமத்தையில் இருக்கிறது. ஊமத்தை விதையைச் சோற்றில் கலந்து வழிப்போக்கர்களை மயக்கிக் கொள்ளையடிப்பது 19ஆம் நூற்றாண்டு இந்தியாவில் சாதாரணக் குற்றம். 1856இல் கல்கத்தாவில் நார்மன் செவர்ஸ் எழுதிய சட்ட மருத்துவ நூல் இதை விரிவாகப் பேசுகிறது. சென்னையில் 1849லேயே ரசாயன ஆய்வாளர் பதவி வந்துவிட்டது. அக்கால ஆய்வாளர்கள் இரைப்பையிலிருந்து எடுத்ததை வடித்து, ஒரு சொட்டைப் பூனையின் கண்ணில் விட்டுப் பாவை விரிகிறதா என்று பார்த்தார்கள். விரிந்தால் ஊமத்தை இருக்கலாம் என்று பொருள். விஷம் ஏறியவர் இல்லாத நூலை இழுப்பார், இல்லாத ஆளோடு பேசுவார். அந்தப் பிதற்றலை யார் வாக்குமூலம் என்பார்கள்? ஆய்வாளர் நம்பியது பூனைக் கண்ணைத்தான்.

இன்று ஸ்கோபோலமைனுக்குப் பதில் சோடியம் பென்டோதால். மருந்து மாறியது, மயக்கம் மாறவில்லை. நினைவு, கற்பனை, கேள்வி கேட்பவர் எடுத்துக்கொடுத்த வார்த்தை எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். முத்திரைத்தாள் மோசடியில் சிக்கிய தெல்கிக்கு இந்த ஊசியைப் போட்டுப் பெங்களூரில் நடத்திய நார்கோ சோதனையின் வீடியோவை டிவி சேனல்கள் ஒளிபரப்பின. ஊசி மீதான பக்தி அங்கேதான் வேரூன்றியது. நம் பகுதியில் சந்தேகம் முதலில் யார்மேல் விழும்? ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த ஒப்பந்தத் தொழிலாளிமேல். மயக்கத்தில் அவர் தன் மொழியில் முனகுவதை இன்னொருவர் மொழிபெயர்க்க, அதை வைத்து ஒரு வாழ்க்கையை முடிவு செய்வதா?

கர்நாடகத்திலிருந்து போன செல்வி வழக்கில், 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சம்மதமில்லாமல் யாருக்கும் நார்கோ சோதனை செய்யக்கூடாது. சம்மதித்துச் செய்தாலும் அதன் முடிவு தானாகவே சாட்சியம் ஆகாது.

துப்பு கிடைப்பது பொருளில். 1952இல் மானாமதுரையில், ரயிலில் வந்த டிரங்குப் பெட்டியில் தலையில்லாத உடல் கிடைத்தது. ராயபுரம் கடற்கரையில் தலை கிடைத்தது. அந்த உடல் ஆளவந்தார் என்பவருடையதுதான் என்பதை உறுதிசெய்ய, அவர் ராணுவத்தில் இருந்தபோது பதிந்த கைரேகை உதவியது. 2018 நவம்பரில், சாதி மாறி மணந்ததற்காகக் கொல்லப்பட்ட சூடுகொண்டப்பள்ளி இளம் தம்பதியின் உடல்கள் கர்நாடகத்தில் காவிரியில் மிதந்தன. அந்த இளைஞர் யார், எந்த ஊர் என்று எல்லை தாண்டித் துப்புக் கொடுத்தது, அவர் அணிந்திருந்த 'ஜெய் பீம்' டி-சர்ட். யார் வாயையும் மருந்தால் திறக்கவில்லை.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176ஆம் பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும் என்கிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். சானமாவில் அடுத்த முறை பிணம் கிடக்கும்போது ஊசி கேட்டுச் சாலை மறியல் செய்யாதீர்கள். கூட்டத்தைத் தள்ளி நிறுத்துங்கள், மண்ணை மிதிக்காதீர்கள், அந்த நிபுணர் எப்போது வருவார் என்று ஸ்டேஷனில் கேளுங்கள்.