வியட்நாம் போய் சாம்பார் தேடுகிறோம்

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி வரைக்கும் சி.டி.எச். சாலையில் கண்ணில் படுகிற சுற்றுலா பேனர்களில், காசி - ராமேஸ்வரத்துக்கு அடுத்தபடியாக இப்போது வியட்நாம் வந்துவிட்டது. ஹா லாங் விரிகுடாவில் படகு, டா நாங் மலைமேல் இரண்டு கைகள் தாங்கிப் பிடிக்கிற தங்கப் பாலம், கீழே கொட்டை எழுத்தில் ஒரு வாக்குறுதி: 'மூன்று வேளையும் தென்னிந்திய உணவு'. பாலத்தைவிட அந்த வரிதான் ஆள் சேர்க்கிறது என்று எங்கள் தெருவில் இருக்கிற ஏஜெண்டு சொன்னார். நான் நம்புகிறேன். 2024-ல் மட்டும் ஐந்து லட்சம் இந்தியர்கள் வியட்நாம் போயிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்த ஊர்ச் சோற்றில் கை வைத்தார்கள் என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைகளுக்கு நடுவே மெஸ் நடத்திப் பிழைத்தவன் நான். சாப்பாடு மாறினால் மனுஷனுக்கு எப்படிக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியும். ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் என் ரசத்தைத் தொடவே பல மாசம் ஆனது. ஆகவே, அறுபது வயதுக்கு மேல் முதல் தடவையாக விமானம் ஏறுகிற ஒருவர் தயிர்சாதம் கேட்பதை நான் கிண்டல் செய்யமாட்டேன். ஆனால் எங்கள் குழு போனபோது நடந்தது வேறு. காலையில் ஓட்டல் பஃபேயில் ரொட்டி, மதியமும் ராத்திரியும் பஸ்ஸில் ஏற்றி எங்கேயோ ஓர் இந்திய ரெஸ்டாரண்டு. பன்னீர், உறைய வைத்த பரோட்டா, ஜீரகமும் சர்க்கரையும் தூக்கலான ஒரு சாம்பார். அந்தச் சாம்பாரை என் மெஸ்ஸில் ஊற்றியிருந்தால் தட்டு என் தலைக்கு வந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே நடைபாதையில் குட்டை முக்காலி போட்டு அந்த ஊரே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் கண்ணாடிக்குள் உட்கார்ந்து அப்பளம் வரவில்லை என்று சண்டை போட்டோம்.

வெளியூர்ச் சாப்பாடு நமக்கு ஆகாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். சாயங்காலமானால் நம் பக்கத்து மார்க்கெட்டுகளில் அத்தோ வண்டியைச் சுற்றி நிற்கிற கூட்டம் யார்? முட்டைகோஸும் வெங்காயமும் பச்சையாகவே போட்டு, பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், நொறுக்கிய பேஜோ என்கிற பொரித்த தட்டை சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருகிற நூடுல்ஸ். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். முழுக்க பர்மாச் சரக்கு. 1962-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்து, 1964-ல் கடைகளை அரசுடைமை ஆக்கியதும், இருந்ததைப் பறிகொடுத்துக் கப்பலேறி வந்த தமிழர்கள் கொண்டுவந்தது. 1969-ல் பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா பஜார் வந்தது. அங்கிருந்து மெல்ல நகர்ந்து இன்று புறநகர்ப் பிள்ளைகளுக்கு அத்தோ சொந்த ஊர்ப் பண்டம்.

வியட்நாமிலிருந்தும் தமிழர்கள் திரும்பி வந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் சைகோனுக்குப் போனவர்கள் அவர்கள்: கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார், துணி வியாபாரம் பார்த்த காரைக்கால் பக்கத்து முஸ்லிம்கள், பிரெஞ்சுக் குடியுரிமையோடு அரசு வேலையிலும் பட்டாளத்திலும் இருந்த புதுச்சேரிக்காரர்கள். சிலர் அங்கேயே பெண் கட்டினார்கள். 1954-ல் பிரெஞ்சு ஆட்சி முடிந்த பிறகு பல குடும்பங்கள் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தன. அந்த வீடுகளில் விசேஷம் என்றால் இன்றும் 'நெம்' பொரிக்கிறார்கள். அரிசித்தாளில் கறியும் சேமியாவும் காளானும் வைத்துச் சுருட்டிப் பொரிப்பது. சைகோனில் இதற்குச் 'சா ஜோ' என்று பெயர். புதினாவோடு பச்சை இலையில் சுற்றித் தொட்டுச் சாப்பிடுவார்கள்.

அத்தோ தெருவுக்கு வந்துவிட்டது, நெம் ஏன் வீட்டோடு நின்றது? என் கணக்கு இது. பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு அடுத்த வேளைக்கு வழியில்லை. தெரிந்த சமையலை வண்டியில் ஏற்றினார்கள். சைகோனில் பிரெஞ்சு அரசுக்கு வேலை பார்த்துத் திரும்பிய புதுச்சேரிக்காரருக்கு மாசாமாசம் பிரெஞ்சுப் பென்ஷன் வந்தது. அவர் வீட்டம்மா அடுப்பை வாசலுக்குக் கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை. சாப்பாட்டுத் தொழிலில் இறங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆசைப்பட்டு இறங்குவதில்லை, நானும்தான். அந்தப் பென்ஷன் மட்டும் வராமல் இருந்திருந்தால் ஆவடியில் இன்று நெம் வண்டி நின்றிருக்கும். பேனரிலும் தென்னிந்திய உணவைப் பற்றிப் பேச்சு வந்திருக்காது.

வண்டி வராவிட்டாலும் சரக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. மெஸ்ஸுக்கு மசாலா சாமான் வாங்க கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குப் போவேன். வியட்நாம் பட்டையா, சீனப் பட்டையா என்று கேட்டுவிட்டுத்தான் விலை சொல்வார்கள். வியட்நாமின் பட்டையையும் அன்னாசிப்பூவையும் அதிகமாக வாங்குகிற நாடுகளில் இந்தியா முன்வரிசையில் இருக்கிறது. அன்னாசிப்பூ அந்நாட்டின் வடக்கு எல்லையில், லாங் சோன் மலைகளில் விளைகிறது. ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் மணக்கிற பிரியாணி அண்டாவுக்குள் பாதி லாங் சோன்தான். அதே பட்டை, அதே கிராம்பு, அதே அன்னாசிப்பூ. இவற்றோடு இஞ்சியையும் வெங்காயத்தையும் நெருப்பில் சுட்டுப் போட்டு, எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவிட்டு எடுக்கிற சாறுதான் ஃபோ. அதில் தட்டையான அரிசி நூடுல்ஸ், மேலே கறி. எண்ணெய் மிதக்காமல் சாறு தெளிவாக இருக்கும்; நாங்கள் மெஸ்ஸில் எலும்பு சூப்பை அவ்வளவு தெளிவாக எடுத்ததே இல்லை. மாட்டுக்கறி ஆகாதவர்கள் கோழி ஃபோ கேட்கலாம். 'போ' என்றால் மாடு, 'ஹேயோ' பன்றி, 'கா' கோழி, 'தோம்' இறால். இந்த நான்கும் தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

விடியற்காலையில் குழுவை விட்டுவிட்டு நான் நடந்து பார்த்தது ஹனோயின் பழைய கடைத்தெருக்களில். கொதிக்கிற பானையின் வாயில் துணியை இறுக்கிக் கட்டியிருக்கிறார் ஓர் அம்மா. அதன்மேல் அரிசி மாவைக் கரண்டியால் வட்டமாகத் தேய்த்து மூடுகிறார். சில நொடிதான். நீள மூங்கில் குச்சியை உள்ளே விட்டு, மாவைத் தோல் உரிப்பதுபோல் தூக்கித் தட்டில் போட்டு, கொத்துக்கறியும் காளானும் வைத்துச் சுருட்டிவிடுகிறார். பெயர் பான் குவோன். துணி போட்டு இட்லி ஊற்றுகிற நமக்கு அந்தப் பானை புதிதில்லை. உளுந்தும் இல்லை, புளிப்பும் இல்லை, ஆனாலும் கண்ணாடிபோல் மெல்லிசாக, கிழியாமல் வருகிறதே, அந்தக் கைதான் புதிது. பக்கத்தில் நின்று தொழில் ரகசியம் கேட்கலாமென்று பார்த்தேன். அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. கரண்டியை என்னிடம் நீட்டினார். பின்னால் வரிசையில் நின்றவர்களின் முகத்தைப் பார்த்து நான் ஒதுங்கிக்கொண்டேன்.

தெற்கே போகப் போகத் தேங்காயும் மஞ்சளும் தலைகாட்டுகின்றன. பான் சேயோ என்று ஒன்று: அரிசி மாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து, இறாலும் முளைகட்டிய பயறும் போட்டு, மொறுமொறுவென்று சுட்டு மடிப்பது. ஆப்பத்துக்கும் ரவா தோசைக்கும் பிறந்த பிள்ளை என்றாள் என் மனைவி. பன்றிக்கறியும் போடுவார்கள், வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதைத் தனியாகத் தின்னக்கூடாது. கட்டுக் கீரைபோல் ஒரு தட்டு இலைகள் கொண்டுவந்து வைப்பார்கள், அதில் பிய்த்து வைத்துச் சுற்றித் தொட்டுக்கொள்ள வேண்டும். நம்மவர்கள் அந்த இலைத் தட்டை அலங்காரம் என்று நினைத்து ஓரமாகத் தள்ளிவிடுகிறார்கள்.

ந்யா ட்ராங், டா லாட் பக்கம் போகிறவர்கள் பான் கான் தேடலாம். மண்ணால் செய்த குழிக்கல்லில் அரிசி மாவும் முட்டையும் ஊற்றி, கரியடுப்பில் சுடுவது. இப்படி மண்ணில் செய்கிற கைவேலைக்கு, ஃபான் ராங் அருகே பாவ் ட்ரூக் என்று சாம் மக்களின் குயவர் கிராமம் இருக்கிறது. அங்கே பெண்கள் சக்கரம் இல்லாமல், களிமண்ணைச் சுற்றித் தாங்களே நடந்து பானை வனைகிறார்கள். 2022-ல் அந்தக் கலை யுனெஸ்கோவின் அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. மீ சோனில் சிவனுக்குக் கோயில் கட்டிய அதே சாம் மக்கள்தான். பேக்கேஜ்காரர்கள் மீ சோன் கோயிலைக் காட்டுவார்கள், அந்தக் குழிக்கல்லைக் காட்டமாட்டார்கள்.

சைகோனில் கோம் தாம். நொய்யரிசிச் சோறு. நாம் கஞ்சிக்கும் கோழிக்கும் ஒதுக்கிய நொய்யை அவர்கள் ஊருக்கே அடையாளமான சாப்பாடாக ஆக்கிவிட்டார்கள். காபியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, நம் மக்கள் அதை மட்டும் எப்படியும் குடித்துவிடுகிறார்கள். ஹலால் பார்க்கிறவர்களுக்கு டோங் து தெருவில், இந்திய முஸ்லிம்கள் 1935-ல் கட்டிய பள்ளிவாசலையொட்டிச் சாப்பாடு கிடைக்கிறது.

கிளம்புவதற்கு முன் எல்லோரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: நாய்க்கறி கலந்துவிடுவார்களாமே? நாய்க்கறி விற்பது தனிக் கடை, அதற்குத் தனிப் பலகை. ஃபோ கடைக்காரர் அதை உங்களுக்குத் தெரியாமல் போடப்போவதில்லை. அடுத்தது மீன் சாறு. நெத்திலியையும் உப்பையும் மரத்தொட்டியில் ஏறத்தாழ ஒரு வருஷம் ஊறவைத்து வடிக்கிற நுவோக் மாம்; ஃபூ குவோக் தீவுச் சரக்குக்கு மவுசு அதிகம். கருவாட்டுக் குழம்பு வாசனைக்கு மூன்று வீடு தாண்டி எட்டிப் பார்க்கிறவர்கள், இதற்கு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எலுமிச்சையும் சர்க்கரையும் பச்சை மிளகாயும் சேர்ந்த பிறகு அந்த வாசனை அடங்கிவிடும் என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

ஏஜெண்டிடம் பேசிப் பார்த்தேன். "வயிறு கெட்டா யார் சார் பொறுப்பு?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் கண்ணெதிரே கொதிக்கக் கொதிக்க ஊற்றித் தருவதையும், மூன்று மணி நேரமாகத் தட்டில் சூடுபண்ணி வைத்திருக்கிற பன்னீரையும் பக்கத்தில் வைத்தால், சமைத்துப் பிழைத்தவன் எதைத் தொடுவான்? கூட்டம் இருக்கிற கடை, ஒரே பண்டம் மட்டும் விற்கிற கடை, காலை நேரம். இந்த மூன்றும் சேர்ந்தால் நான் எந்த ஊரிலும் உட்காருவேன். பேக்கேஜில் இரண்டு காலைகளைக் காலியாக விடுங்கள், தெரிந்த ஆள் ஒருவரைக் கூட அனுப்புங்கள் என்றேன். பஃபே ரூம் வாடகையிலேயே சேர்ந்தது, அதை விட்டால் ஜனங்கள் காசு திரும்பக் கேட்பார்கள் என்கிறார்.

பேச்சுக்கு நடுவே, சைவக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று ஏஜெண்டு சைவர்களையும் துணைக்கு இழுத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சைவத்துக்கு வியட்நாமைவிட வசதியான நாடு அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். அங்கே பௌத்த வழக்கப்படி சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, நிறையப் பேர் கறி மீன் தொடமாட்டார்கள். அதற்கென்றே ஊருக்கு ஊர் 'சாய்' என்று பலகை மாட்டிய கடைகள். காளான் ஃபோ, டோஃபு, பலாக்காய், நூடுல்ஸ் என்று வரிசையாக இருக்கும். வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காத கடைகளும் உண்டு. மற்றக் கடைகளில் வெறும் கீரை வதக்கலைக் கேட்டாலும் மீன் சாறு விழும், ஆகவே பலகையைப் பார்த்து உட்காருங்கள். தேதி உங்கள் கையில் இருந்தால், காலண்டரைப் பார்த்து அமாவாசையன்று ஹுவேயில் இருக்கிற மாதிரி டிக்கெட் போடுங்கள். கோயில்கள் நிறைந்த ஊர், சாய் கடைகளும் அதிகம். அன்றைக்குக் கூட்டம் நெருக்கும், பதினொரு மணிக்கே போய்விடுவது நல்லது.