சைக்கிளுக்கு நம்பர் தகடு: பிடிபடப் போவது ஆர்?

எங்கட வட்டத்தில வழமையாய்ச் சண்டை வாறது படத்தாலை, இல்லாட்டிப் புத்தகத்தாலை. போன மாதம் வந்த சண்டைக்குக் காரணம் சைக்கிள்.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா கோயிலால் திரும்பி வந்துகொண்டிருந்தார். கொக்குவில் பக்கம் ஓர் ஒழுங்கை. நேரம் ஆறரை இருக்கும், நல்லா இருட்டிப் போச்சு. பின்னால் வந்த சைக்கிள் ஒன்று இடித்து விழுத்தியது. பெல் இல்லை, லைற் இல்லை. ஓடி வந்த பெடியன் ஒருக்கா நிண்டு, "சொறி ஆச்சி" எண்டு சொல்லிப்போட்டு மிதிச்சிட்டான். அம்மம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்து சத்திர சிகிச்சை நடந்தது. இப்ப வோக்கர் பிடிச்சுத்தான் குசினி வரைக்கும் போறா. இடித்தது ஆரெண்டு இதுவரைக்கும் தெரியாது.

பார்க்கப் போன இடத்தில், அங்கே வந்திருந்த ஒரு மாமா சொன்னார்: "மோட்டார் சைக்கிளுக்கு நம்பர் இருக்குத்தானே, உதுக்கு மட்டும் ஏன் இல்லை? நம்பர் இருந்தா உவன் ஓடியிருப்பானோ?" எங்களில் பாதிப்பேர் தலையாட்டினோம். மிச்சப் பாதி வெளியில் வந்து சண்டையைத் தொடங்கியது.

அந்த மாமாவின் கேள்வியைச் சைக்கிளோடிகளுக்கு எதிரான வன்மம் என்று தள்ளிவிட ஏலாது. விழுந்து கிடந்த ஒருவருக்கு இடித்தவரைக் கேள்வி கேட்க வழியே இல்லாமல் போனது உண்மை. நாங்களும் சுத்தமில்லை. மூன்று பேர் பக்கத்துக்குப் பக்கமாய் கதைத்துக்கொண்டு ஓடுறது, ஒரு கையில் போன், காதில் ஹெட்செட், பருத்தித்துறை வீதியில் பிழையான பக்கத்தால் வந்து சந்தியில் குறுக்கே வெட்டுறது, இதெல்லாம் நாங்கள் செய்தவை. பிரேக் கட்டை தேய்ந்து ஆறு மாதமாய்க் காலாலேயே நிப்பாட்டித் திரிந்த ஒருவர் இந்தக் கட்டுரையை எழுதுகிறவர்களுக்குள்ளேயே இருக்கிறார்.

ஆனால் தகடு என்பது புது யோசனை இல்லை. எங்கட அப்பாமாரின் காலத்தில் சைக்கிளுக்கு ஆண்டுதோறும் உள்ளூராட்சி சபையில் காசு கட்டி, சின்ன உலோகத் தகடு ஒன்று வாங்கிப் பூட்ட வேண்டும். பழைய ஆணிப் பேணிகளைக் கிண்டினால் இப்பவும் ஒண்டு ரெண்டு அகப்படும். சட்டத்தில் அது இன்னும் சாகவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் வாகனங்களுக்கும் விலங்குகளுக்குமான வரி என்று ஓர் அட்டவணை உண்டு. வியாபாரத்துக்குப் பாவிக்கிற சைக்கிளுக்கு 18 ரூபா, மற்றச் சைக்கிளுக்கு 4 ரூபா. அதே அட்டவணையில் யானைக்கு 50 ரூபா. (யானை வளர்க்கிற ஆக்கள் எங்கட பக்கம் இருந்தால் சொல்லுங்கோ, சந்திக்க ஆசை.)

ஆக, தகடு முதலில் வரிக்காக வந்த சாமான். பொறுப்புக் கூறலுக்காக வரவில்லை. எங்கட வீட்டுப் பெரியாக்களிடம் கேட்டுப் பார்த்தோம்: அந்தத் தகட்டை வைத்து இடித்தவரைப் பிடித்த கதை ஒன்றாவது தெரியுமா என்று. ஒருத்தருக்கும் தெரியவில்லை. தகடு இல்லாமல் போய்ச் சபை ஆக்களிடம் மாட்டின கதை மட்டும் எல்லாருக்கும் இருந்தது.

மோட்டார் வாகனத்தின் நம்பருக்குப் பலம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தகட்டுக்குப் பின்னால் பதிவுப் புத்தகம் இருக்கிறது, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் இருக்கிறது, ஓட்டுகிறவருக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது, எல்லாவற்றையும் விட முக்கியமாய்க் கட்டாயக் காப்புறுதி இருக்கிறது. இடிபட்டவருக்குக் காசு வருவது அந்தக் காப்புறுதியால். இவை ஒன்றும் இல்லாமல் சைக்கிளில் தகட்டை மட்டும் பூட்டினால் அது மட்காட்டில் ஒட்டின நடிகர் படம் மாதிரித்தான்.

அதோட, எங்கட வீடுகளில் சைக்கிள் ஓர் ஆளுக்குச் சொந்தமான பொருளே இல்லை. காலமை அப்பா திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டு போவார், பிறகு அம்மா சங்கக்கடைக்கு, பின்னேரம் தம்பி ரியூசனுக்கு. இடையில் பக்கத்து வீட்டு அண்ணை "ஒருக்கா தாங்கோ, இந்தா வாறன்" எண்டு வாங்கிக்கொண்டு போய் ராவுக்குத்தான் கொண்டு வருவார். ஊரில் பாதிச் சைக்கிள் இரண்டாம் மூன்றாம் கை. ஒண்டின்ர பிரேமில் இன்னொண்டின்ர ரிம், வேறொண்டின்ர ஹான்டில். விற்கிறவர் கடிதம் எழுதிக் குடுக்கிறதும் இல்லை, வாங்கிறவர் கேட்கிறதும் இல்லை. இதில் நம்பர் ஆரைக் காட்டித் தரும்? அந்த இருட்டு ஒழுங்கையில், விழுந்து கிடக்கிற எழுபது வயது மனிசி, கையளவு தகட்டில் உள்ள எழுத்தை எப்படி வாசிப்பா?

நம்பர் இருந்தால் ஓடமாட்டான் என்ற கதைக்கும் வருவோம். இலங்கையில் ஆண்டுதோறும் 2000 இற்கு மேற்பட்டவர்கள் வீதி விபத்துகளில் சாகிறார்கள். அதில் பெரும் பங்கு மோட்டார் சைக்கிள்காரரும் நடந்து போறவர்களும். கண்டி வீதியில் உரசிக்கொண்டு போகிற பஸ்ஸுக்கும் ரிப்பருக்கும் ஹையேசுக்கும் முன்னும் பின்னும் பெரிய எழுத்தில் நம்பர் இருக்கிறது. அடித்துவிட்டு நிற்காமல் போன வாகனங்களின் செய்தியும் இருந்தபடிதான் இருக்கிறது.

எங்களுக்குள் சண்டை சூடானது இதற்குப் பிறகுதான். தகடு கட்டாயம் என்றால் அதைச் சோதிக்க ஆள் வேண்டும். சந்தியில் மறிக்கப்படப் போவது ஆர்? காலமை ஐந்து மணிக்குக் கரியரில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர். மண்வெட்டியைப் பாரில் செருகிக்கொண்டு கூலி வேலைக்குப் போகிறவர். வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளையள். இதைவிட மலிவான வாகனம் இல்லாதபடியால் சைக்கிளில் வருகிறவர்கள். தண்டம் எவ்வளவு சின்னதாய் இருந்தாலும் அது அவர்களின் ஒருநாள் வேலையைத் தின்னும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறித்து, இறக்கி, "ஆர் நீ, எங்க போறாய், எங்க பதிவு" என்று கேட்கிற காட்சி எங்கட ஊருக்குப் புதிதில்லை. சோதனைச் சாவடி வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு நடந்த தலைமுறை எங்கட அம்மா அப்பா. பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத தொண்ணூறுகளில் விறகு, நெல், வருத்தக்காரர் எல்லாம் சைக்கிளில்தான் போனது. அதே டைனமோவைச் சுத்தித்தான் றேடியோவில் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுப் போகும்போது பல குடும்பங்களின் முழுச் சொத்தும் ஒரு சைக்கிளில் தொங்கியது. 2022 இல் எரிபொருள் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டபோது திரும்பவும் அதே சைக்கிளைத்தான் தூசு தட்டி எடுத்தோம். பதிவு கேட்காத வாகனம் எங்களிடம் இருந்தது இது ஒன்றுதான். அதையும் ஒரு பட்டியலுக்குள் கொண்டு வரச் சொன்னால், "சும்மா ஒரு தகடுதானே" என்று எங்களால் எடுக்க முடியவில்லை. எங்களில் இளையவர்கள் இருவருக்கு இந்த வாதம் பிடிக்கவில்லை. பழைய பயத்தை வைத்துப் புதுச் சட்டத்தை அளக்கக்கூடாது என்றார்கள். அதிலும் நியாயம் உண்டு. அப்படியென்றாலும், மறிக்கிற அதிகாரத்தைக் கொடுக்க முதல் அது எப்படிப் பாவிக்கப்படும் என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

வெளியில் என்ன நடந்தது என்றும் தேடினோம். எங்கட சொந்தக்காரர் நிறைந்த ரொறன்ரோவில் 1935 இலிருந்து 1957 வரை சைக்கிளுக்கு அனுமதித் தகடு இருந்தது. பிறகு நகரசபையே கைவிட்டது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று எங்களை நிற்க வைத்தது: சின்ன வயதிலேயே பிள்ளைகளைத் தெரியாமல் சட்டம் மீறுகிறவர்களாய் அது ஆக்குகிறது, பொலிசுக்கும் பிள்ளைகளுக்கும் இடையிலான உறவைக் கெடுக்கிறது என்பதுதான் அது. ஜப்பானில் 1994 முதல் பதிவு கட்டாயம், ஆனால் அது ஒரு சின்ன ஸ்ரிக்கர், களவு போன சைக்கிளை உரியவரிடம் சேர்ப்பதற்கு. அந்தத் தேவை எங்களுக்கும் உண்டு. லுமாலாவைத் துலைச்சவருக்குத்தான் அந்த வலி தெரியும். விரும்பினவர்கள் பிரேம் நம்பரைச் சபையில் பதிந்து வைக்கிற ஏற்பாடு வந்தால் முதல் ஆளாய்ப் பதிவோம்.

சுவிஸில் இருந்தது இன்னும் யோசிக்க வேண்டியது. அங்கே 2011 முடியும்வரை ஒவ்வொரு சைக்கிளிலும் ஓர் ஒட்டி இருந்தது. அது ஆளைப் பிடிப்பதற்கானது இல்லை. காப்புறுதி கட்டியதற்கான அடையாளம். பெரும்பாலானவர்களிடம் வேறு பொறுப்புக் காப்புறுதி இருந்தபடியால் அதையும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் இடிபட்டவருக்கு நட்டஈடு வரவேண்டும் என்ற எண்ணத்தை நிறுத்தவில்லை; இடித்தவரைக் கண்டுபிடிக்க முடியாதபோதும் குடுப்பதற்கு ஒரு பொது நிதி இருக்கிறது.

அம்மம்மாவின் விசயத்தில் எங்களைச் சுடுவது இதுதான். ஆஸ்பத்திரி இலவசம். ஆனால் வோக்கர், கொமோட் கதிரை, ஓட்டோக் காசு, கூட நிற்க மகள் எடுத்த சம்பளமில்லா லீவு, இவ்வளவையும் அந்த வீடே சுமந்தது. வீதியில் இடிபட்டு, இடித்தவர் ஆரெண்டு தெரியாமல் போன ஏழைக் குடும்பத்துக்கு உள்ளூராட்சி மட்டத்தில் ஒரு சின்ன நிதி இருக்குமென்றால், தகடு அடிக்கச் செலவாகும் காசை அதற்குள் போடலாம்.

மற்றது வெளிச்சம். இரவில் லைற் இல்லாமல் சைக்கிள் ஓடுவது இப்பவே குற்றம்தான். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஆனால் அந்த ஒழுங்கையில் இரண்டு கம்பத்தில் பல்ப் எரியவில்லை என்பதையும் ஆராவது எழுத வேண்டும். நாங்கள் நேரில் போய்ப் பார்த்தோம். ஒரு பக்கம் கல்லும் மண்ணும் பறிச்சுக் கிடக்கு, மற்றப் பக்கம் மதில். நடந்து போறவரும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஆறடிக்குள் போய்வர வேண்டும். அம்மம்மாவிடமே கேட்டோம், நம்பர் தகடு வேணுமோ என்று. "நம்பரை வச்சு நான் என்ன பிள்ளை செய்யிறது? ஒரு லைற் இருந்திருந்தா விலத்தியிருப்பன்" என்றா. அவவின்ர மருமகன் இன்னும் தகடு வேணும் எண்டுதான் நிக்கிறார்.

அந்தக் கம்பங்களின் இலக்கத்தையும் குறித்துச் சபைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். ஒளி தெறிக்கிற ரேப் இரண்டு உருளை வாங்கி, பக்கத்து ரியூசன் சென்ரர் வாசலில் நிற்கிற சைக்கிள்களின் பின் மட்காட்டில் கேட்டுக் கேட்டு ஒட்டுகிறோம். நாற்பதுக்கு மேல் ஒட்டியாச்சு. இரண்டு பெடியள் வேண்டாம் எண்டிட்டினம், வடிவு கெட்டுப் போகுமாம்.

பற்றறிச் சைக்கிள் பற்றி எங்களுக்குள் இன்னும் முடிவு வரவில்லை. மிதிக்காமலே மோட்டார் சைக்கிள் வேகத்தில் வருவதற்குத் தகடும் காப்புறுதியும் வேண்டும் என்று மூன்று பேர் சொல்கிறார்கள். கால் ஏலாதவர்களுக்கு அது பெரிய உதவி, இப்பவே கட்டிப்போட வேண்டாம் என்று மற்றவர்கள். அந்தச் சண்டை அடுத்த சனிக்கிழமை தொடரும்.